எட்டு விநாடிக்கு ஓர் இடம்

எட்டு விநாடி. திண்டிவனத்தில் மெழுகுவத்தி செய்து விற்கும் ஜெசிந்தா நான்கு ஆண்டுகளாகக் கேட்பது அவ்வளவுதான். அவர் கட்டிய ராக்கெட் இயந்திரம் எட்டு விநாடி எரிய வேண்டும். மேலே பறக்க வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. கான்கிரீட் கட்டையில் இரும்புப் பட்டை போட்டுக் கட்டி, படுத்த வாக்கில் எரித்துப் பார்த்தால் போதும். ஒழுங்காக எரிந்து, வால்வை மூடியதும் ஒழுங்காக அணைந்தால், அதற்கப்புறம்தான் பறப்பதைப் பற்றிய பேச்சு.

அதற்கு ஓர் இடம் வேண்டும். பக்கத்தில் வீடு, வைக்கோல் போர், மாடு, மின்கம்பி எதுவும் இருக்கக்கூடாது. விழுப்புரம் மாவட்டத்தில் இப்படி ஓர் இடம் கேட்டுப் பாருங்கள். ஏரிக்குள் என்றால் ஆடு மேய்க்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய கொல்லை சும்மாதான் கிடக்கும். ஆனால் ராக்கெட் என்று சொன்னதும் கொல்லைக்காரர் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, "நீ வேற எடம் பாரும்மா" என்பார். காவல் நிலையத்தில் கேட்டால் தீயணைப்பு நிலையத்துக்குப் போகச் சொல்வார்கள். தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் காவல் நிலையம். ஆகவே விக்கிரவாண்டிக்கு அப்பால் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி தன் மைதானத்தைத் தருவதாகச் சொன்னபோது ஜெசிந்தா மறுபேச்சுப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

ஜெசிந்தாவுக்கு வயது நாற்பத்தாறு. இயற்பியல் படித்தவர். மாமனார் விட்டுப்போன மெழுகுவத்திக் கொட்டகையை எடுத்து நடத்துகிறார். திண்டிவனம் தொடங்கிப் புதுச்சேரி வரை பல மாதா கோவில்களுக்கு அவருடைய பெட்டிகள் போகின்றன. அவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் ஒன்று தெரிந்துவிடும்: அவருக்கு அழுக்கு ஆகாது. அதை அவர் மறைப்பதும் இல்லை. "அசிங்கம்" என்ற சொல்லை மதியச் சாப்பாட்டுக்குள் எத்தனை முறை சொல்வார் என்று கொட்டகைப் பெண்கள் பந்தயம் கட்டுவார்கள்.

கோவில்களில் எரிந்து மிஞ்சும் மெழுகுத் துண்டுகளை வாங்கி மறுபடி உருக்குவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். ஜெசிந்தா அதை நிறுத்திவிட்டார். உருக்கிய அண்டாவின் அடியில் தலைமுடி, விட்டில்பூச்சி, ஊதுவத்திச் சாம்பல், மென்று துப்பிய பபுள்கம். ஒருமுறை ஒரு பல்.

"மனுசப் பல்லுங்க சாமி," என்று பங்குத்தந்தையிடமே போய்ச் சொன்னார். "செபம் பண்ண வந்தவங்க பல்லப் புடுங்கி வத்தித் தட்டுல போட்டுட்டுப் போயிருக்காங்க. இந்த அசிங்கத்த உருக்கி நான் திரும்ப மாதாவுக்கு ஏத்தணுமா?"

பங்குத்தந்தை அந்தப் பல்லைப் பார்த்தார். அந்த ஆண்டிலிருந்து புது மெழுகுதான்.

இப்படிப்பட்டவர் ராக்கெட் பக்கம் வந்ததும் மெழுகு வழியாகத்தான். வியாபாரம் படுத்த ஒரு மழைக்காலத்தில் கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டு மாணவர்கள் சிலர் ராக்கெட் எரிபொருளுக்காகப் பாரஃபின் மெழுகைக் குழாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கவனித்தது ராக்கெட்டை அல்ல. "மெழுகு ஊத்தத் தெரியல அதுங்களுக்கு. ஆறும்போது நடுவுல குழி உழுந்துபோச்சி. அத அப்படியே வச்சிக் கொளுத்துதுங்க. அசிங்கம்." தன்னால் இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்ற எரிச்சலில்தான் எல்லாம் தொடங்கியது.

அவர் கட்டுவது ஹைபிரிட் வகை. தீபாவளி ராக்கெட்டில் எரிவதும் எரிய வைப்பதும் ஒரே மருந்தாகக் கலந்திருக்கும். பற்றினால் பற்றியதுதான், நிறுத்த முடியாது. ஹைபிரிட்டில் இரண்டும் தனித்தனி. குழாய்க்குள் கெட்டி மெழுகு. வெளியே சிலிண்டரில் ஆக்சிஜன். நடுவில் ஒரு வால்வு. வால்வைத் திறந்து பற்றவைத்தால் மெழுகு உருகும். உருகிய படலத்திலிருந்து துளிகள் பிய்ந்து பறக்கும். எந்த மெழுகுவத்தியும் கண்டிராத வேகத்தில் எரியும். வால்வை மூடினால் நின்றுவிடும். பிரித்து வைத்திருக்கும் வரை ஒரு பக்கம் வெறும் மெழுகு, மறுபக்கம் வெறும் வாயு. பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இந்த வகையைத் தேடிப் போவது அதனால்தான்.

பழைய வெட் கிரைண்டர் மோட்டாரில் குழாயைப் படுக்க வைத்துச் சுழற்றி, சுழலும்போதே உருகிய மெழுகை ஊற்றுவார் ஜெசிந்தா. மெழுகு சுவரோடு ஒட்டி ஆறும். ஆக்சிஜன் போவதற்கான துளை நடுவில் தானாக அமையும். எரியும்போது வெப்பம் ஆழமாக ஊடுருவி மெழுகு மொத்தமும் இளகிவிடாமல் இருக்கக் கொஞ்சம் கரித்தூள். முதல் இரண்டு ஆண்டுகளில் வார்த்த எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. குறுக்கே அறுத்துப் பார்ப்பார். மிளகு அளவு காற்றுக்குமிழி தெரிந்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்ப அண்டாவில் போட்டுவிடுவார்.

ஜீப் ஓட்டுநரான கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வீட்டுக்குள் கொளுத்தக்கூடாது. கொட்டகையில் திரி கோர்க்கும் சவுரியம்மாளுக்கு வேறு சந்தேகம். "ஏன் ஜெசி, இந்தக் கொழாயி நேரா மாதாகிட்டயே போயிடுமா? போவும்னா சொல்லு, எங்க ஊட்டுக்காரன இதுல கட்டி உட்டுடலாம்."

இரும்பு வேலைக்கு வெங்கடாசலம் வந்து சேர்ந்தார். விழுப்புரத்தில் லேத் பட்டறை, வீடு கோலியனூரில். கரும்பு பிழியும் உருளை, போர்வெல் ஷாஃப்ட், டிராக்டர் சாமான் என்று ஆயுசு முழுவதும் கடைந்த கை. ராக்கெட் என்று சொன்னபோது சிரிக்காமல் அளவு கேட்ட முதல் ஆள் அவர்தான். ஜெசிந்தாவுக்கு அது பிடித்தது. அவருடைய கைகள்தான் பிடிக்கவில்லை.

"கை கழுவிட்டுத் தொடுங்கண்ணே."

"கழுவிட்டேம்மா."

"எதுல?"

"மண்ணெண்ணெயில."

"கடவுளே. சோப்புலண்ணே, சோப்புல."

"சோப்புப் போட்டா வறண்டு போவுதும்மா. லேத்துக்காரன் கையின்னா எண்ணெ இருக்கணும்."

"இருக்கட்டும். இதத் தொடும்போது இருக்கக் கூடாது."

இது ஜெசிந்தாவின் சுத்தப் பைத்தியம் மட்டும் அல்ல. ஆக்சிஜன் போகும் பாதையில் எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது. அழுத்தத்தோடு பாயும் ஆக்சிஜன் எண்ணெயைச் சந்தித்தால் தீக்குச்சியே வேண்டாம், எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். பற்றிவிட்டால் அதைச் சுற்றியிருக்கும் உலோகமும் சேர்ந்து எரியும், குழாய் வெடிக்கும். கேஸ் வெல்டிங் செய்கிற எல்லோருக்கும் இது முதல் பாடம். வெங்கடாசலத்தின் பட்டறையிலும் ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு. அதன் ரெகுலேட்டரில் கிரீஸ் கையை வைத்த ஒருவரை அவர் ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு தெருமுனை வரை துரத்தியிருக்கிறார். அதனால் ஜெசிந்தா நிம்மதியாக இருந்தார்.

கல்லூரித் தாளாளர் அப்பாதுரை மைதானம் தந்ததற்குக் காரணம் இருந்தது. ஆண்டு விழாவில் புதிதாக ஏதாவது வேண்டும். பாட்டுக் கச்சேரி எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது, ராக்கெட் எங்கும் இல்லை. நிபந்தனை ஒன்றுதான்: பொத்தானைத் தாளாளர்தான் அழுத்துவார். ஜெசிந்தா தன் நிபந்தனைகளைக் கல்லூரியின் மக்கள் தொடர்பு அலுவலர் சீனுவாசனிடம் சொன்னார். நெருப்பு வரும் திசையில் மண்மேடு. பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு மணல் மூட்டை. மைதானத்தின் மறுகோடியில் நாற்காலிகள். எதிரில் ஒருவரும் நிற்கக்கூடாது.

"எல்லாம் பண்ணிடலாம் மேடம்," என்றார் சீனுவாசன். அவர் எதற்கும் இல்லை என்று சொல்லாத மனிதர்.

மாசி மாதத்தில் அந்த நாள் வந்தது. குட்டியானை வண்டியில் இயந்திரத்தையும் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு ஜெசிந்தா போய்ச் சேர்ந்தபோது, கல்லூரி வாசலிலிருந்து மைதானம் வரை ப்ளெக்ஸில் அப்பாதுரை நின்றிருந்தார். ஒன்றில் விண்வெளி உடையில் இருந்தார். இன்னொன்றில் ராக்கெட்டின் மேல் குதிரைச் சவாரி போல உட்கார்ந்திருந்தார். "விண்ணை வென்ற வேந்தே" என்று எழுதியிருந்தது. ஜெசிந்தாவின் பெயர் எதிலும் இல்லை. அதைப் பார்த்து அவருக்கு நிம்மதிதான்.

மணல் மூட்டைகள் முழங்கால் உயரத்துக்கு இருந்தன. மீதி மூட்டைகள் கலைநிகழ்ச்சி மேடையின் கால்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. மறுகோடியில் இருக்க வேண்டிய சோபாக்கள் மைதானத்தின் நடுவுக்கு வந்திருந்தன. ஐயாவுக்குத் தூரத்தில் உட்கார்ந்தால் படம் சரியாக வராது என்று சீனுவாசன் விளக்கினார். சுற்றுக் கிராமங்களிலிருந்து கல்லூரிப் பேருந்துகளில் ஆட்களை அள்ளிவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே பிரியாணிப் பொட்டலம் பிரித்தாகிவிட்டது. எலும்பும் வெங்காயமும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. இயந்திரத்தைக் கட்டிவைக்கப் போட்ட கான்கிரீட் கட்டையின் மேல் யாரோ பான் மசாலாவைத் துப்பியிருந்தார்கள். சிவப்பாக, இன்னும் ஈரம் காயாமல். ஜெசிந்தா குடிதண்ணீர் கேனைத் தூக்கிவந்து தானே ஊற்றிக் கழுவினார். மூக்கைப் பொத்திக்கொள்ளக் கை மிச்சமில்லை.

வேலை செய்கிறவரைச் சுற்றிக் கேள்விகள்.

"இது எப்பங்க ஏறும்?"

"ஏறாது. கட்டிப் போட்டிருக்கு."

"ஏறாதா? அப்புறம் என்னா ராக்கெட்டு?"

"எஞ்சின் சோதனைம்மா. நெருப்பு மட்டும் வரும்."

"நெருப்பப் பாக்கவா பஸ்ஸு வச்சி இட்டாந்தாங்க? அது எங்க ஊட்டு அடுப்புலயே வருது."

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வேலையை முடித்தார். கையுறை போட்டுக்கொண்டு, காலையில் சோப்பில் கழுவிக் காயவைத்த இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார். பூசை போட வேண்டும் என்று சீனுவாசன் கேட்டபோது அதற்கும் தடை சொல்லவில்லை. "தாராளமாப் போடுங்க. அந்த மேசையில படத்த வச்சிப் போடுங்க. இதுமேல மட்டும் யாரும் கை வைக்க வேணாம்." சொல்லிவிட்டு, கயிற்றைத் தாண்டி வந்துவிட்ட கூட்டத்தைப் பின்னால் தள்ளப் போனார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒருவரைப் பின்னால் அனுப்பினால் இருவர் முன்னால் வந்தார்கள்.

திரும்பி வந்தபோது இயந்திரத்துக்குச் சந்தனப் பட்டை போட்டுக் குங்குமம் வைத்திருந்தது. கழுத்தில் செவ்வந்தி மாலை. நெருப்பு வரும் வாய்க்கு நேர் கீழே ஓர் எலுமிச்சம்பழம். ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டார். வெளிப்பூச்சுதானே, கழுவினால் போய்விடும். மாலையை எடுத்து மேசையில் வைத்தார். ஆக்சிஜன் குழாய் வந்து சேரும் இணைப்பைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் குனிந்தார். அப்போதுதான் வாசம் அடித்தது.

நல்லெண்ணெய்.

காலையில் மங்கலாக இருந்த நட்டு இப்போது பளபளவென்று மின்னியது.

"அண்ணே, இங்க வாங்க."

வெங்கடாசலம் புது வேட்டியில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கோலியனூரிலிருந்து மனைவி வீரம்மாளும் மருமகனும் வந்திருந்தார்கள். சீனுவாசனிடம் சொல்லி அவர்களுக்கு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்.

"இதத் தொட்டது யாரு?"

"நான்தாம்மா. பூசைக்கு வறட்டுனு நின்னுச்சி. எங்க பட்டறையில எந்தச் சாமானத்தையும் வறட்டுனு சாமி முன்னால வக்க மாட்டோம். ஐயரு வெளக்குக்கு வச்சிருந்த எண்ணெய வாங்கி லேசாத் தொடச்சேன். எப்பிடி இருக்குது பாத்தியா, கண்ணாடி மாதிரி!"

"வெளியில மட்டும்தான தொடச்சீங்க?"

வெங்கடாசலத்தின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"அண்ணே, கேக்கறன்ல்ல."

"கழட்டி மரையிலயும் ஒரு சொட்டு உட்டேன். வறண்ட மரைய முறுக்குனா கடிச்சிக்கும்மா. நானே கடஞ்ச மரை. மனசு கேக்கல."

"ஆக்சிஜன்ல எண்ணெ ஆவாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அய்யோ, தெரியாம இருக்குமா! ரெகுலேட்டரத் தொடவேயில்லம்மா, சத்தியமா. அது கேஸ் கம்பெனிக்காரன் சாமான். இது நாம செஞ்சதாச்சே."

அவர் பொய் சொல்லவில்லை. ரெகுலேட்டர் துளி எண்ணெய் இல்லாமல் வறண்டுதான் இருந்தது. ஆக்சிஜன் விதி அவரைப் பொறுத்தவரை ரெகுலேட்டருக்கான விதி. ஆயுத பூசைக்கு லேத்தில் தொடங்கிக் கடைசி ஸ்பேனர் வரை எண்ணெய் போட்டுத் துடைத்து, அப்புறம்தான் சந்தனம் குங்குமம். அது தன் கையால் கடைந்த பொருளுக்கான விதி. இரண்டு விதியும் அவரிடம் இத்தனை ஆண்டுகளாக இருந்தன. ஒன்றுக்கொன்று முகம் பார்த்ததில்லை.

சீனுவாசன் ஓடிவந்தார். "மேடம், ஐயா வந்துட்டாரு. ஜல்தியா ஆரம்பிச்சிடலாம்."

"இன்னிக்கி முடியாது சார்."

"என்ன மேடம் இது?"

"மரையில எண்ணெ போயிருக்குது. எவ்ளோ தூரம் உள்ள எறங்கியிருக்குன்னு தெரியாது. எல்லாத்தையும் பிரிச்சிக் கழுவணும்."

"ஒரு துணியால தொடச்சிட்டு உடுங்க மேடம். ஒரு சொட்டு எண்ணெதான? வடையில இதவிட அதிகம் இருக்குது."

"வடைய நீங்க சாப்புடுங்க. இத நான் கொளுத்த மாட்டேன்."

சீனுவாசன் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சிப் பேசுங்க. இன்னிக்கி இல்லன்னா இந்த கிரவுண்டு அப்புறம் கெடைக்காது. ஐயா ஒருத்தருக்கு ரெண்டாவது வாட்டி தேதி குடுக்க மாட்டாரு. உங்களுக்கு வேற எடமும் இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க."

உண்மைதான், வேறு இடம் இல்லை. ஜெசிந்தா இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு குமிழிகூட இல்லாத மெழுகு. அவர் வார்த்ததிலேயே அவருக்குப் பிடித்த முதல் வார்ப்பு.

வெங்கடாசலம் மெல்லச் சொன்னார்: "ஒரு சொட்டுதாம்மா. ஒண்ணும் ஆவாம போனாலும் போவும்."

"போனாலும் போவும்ண்ணே. அங்க முன்னாடி ஒக்காந்துக்கினு இருக்கிறது யாருன்னு பாருங்க."

வெங்கடாசலம் திரும்பிப் பார்த்தார். அப்பாதுரையின் சோபாவை ஒட்டிப் போட்ட நாற்காலியில் வீரம்மாள் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்துக் கையாட்டினார். முழங்கால் உயர மணல் மூட்டைக்கு மேலே அவருடைய மார்பும் தலையும் முழுதாகத் தெரிந்தன.

ஜெசிந்தா சிலிண்டரை மூடினார். ஸ்பேனரை எடுத்து இணைப்பைக் கழற்றினார். தான் அந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில் வேறு யாரும் கை வைத்துப் பார்க்காமல் இருக்க, வால்வையும் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்பாதுரை சோபாவில் உட்கார்ந்தபடியே மைக்கை வாங்கினார். "என்னம்மா, எதுக்கு எல்லாத்தையும் கழட்டுறீங்க? சந்தனம் குங்குமம் வச்சதுக்கா?" அவர் சிரித்தார். "நம்ம சாமிக்குப் பூச போட்டது அந்தம்மாவுக்குப் புடிக்கல போலருக்கு. அவங்க கோயிலு வேறல்ல."

அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அதுவரை அடுப்பு, நெருப்பு என்று கேலி பேசியவர்களின் முகம் மாறியது. பின்வரிசையிலிருந்து விசில். "குங்குமத்துக்கு எந்த ஊர்ல ராக்கெட்டு வெடிக்குது?" என்று ஒருவர் கத்தினார். "எடத்தக் குடுத்தா இப்பிடித்தான்," என்றார் இன்னொருவர். சற்று முன்பு ஜெசிந்தாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் அவர். ஜெசிந்தா, "குங்குமம் இல்லங்க, எண்ணெ," என்று இரண்டு முறை சொன்னார். கையில் மைக் இல்லாதவரின் சொல் அந்தக் கூட்டத்தில் மூன்றடி தாண்டவில்லை. அவர் முகத்தில் பயம் தெரியவில்லை. அண்டாவைக் கவிழ்த்து அடிக்கசடைப் பார்க்கும் முகம் அது.

வெங்கடாசலம் சோபாவுக்கு நேராகப் போனார்.

"ஐயா, எண்ணெ தடவுனவன் நான். நானும் காலம்பற மாரியாத்தாவக் கும்புட்டுட்டு வந்தவன்தான். அந்தம்மா பேர்ல தப்பில்ல. அத மைக்குல சொல்லணும், குடுங்க."

"சரி சரி பெரியவரே, போயி ஒக்காருங்க."

"சொல்லிட்டு ஒக்கார்றேன், குடுங்க ஐயா."

மைக் சீனுவாசன் கைக்குப் போனது. சீனுவாசன் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துக் கண் காட்டினார். குத்துப்பாட்டு ஒன்று அலறத் தொடங்கியது. அதற்குள்ளேயே வெங்கடாசலம் சொல்ல வேண்டியதைச் சத்தம் போட்டுச் சொன்னார். முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. மருமகன் கைப்பேசியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். வீரம்மாள் எழுந்து, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மணல் மூட்டையைத் தாண்டி ஜெசிந்தாவிடம் வந்தார். "வாம்மா, சாமானத்த ஏத்தலாம்."

அவர்கள் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மேடைக்குப் பின்னால் வேலை நடந்தது. விழா முடிவில் விடுவதற்கு வாங்கிவைத்த தீபாவளி ராக்கெட்டுகளைக் காவலாளிகள் பாட்டில்களில் நட்டார்கள். அப்பாதுரை ரிப்பன் கட்டிய பொத்தானை அழுத்தினார். பொத்தானின் கம்பி எதனோடும் இணைக்கப்படவில்லை. அவர் அழுத்தும்போதெல்லாம் பின்னால் ஒருவர் ஊதுவத்தியால் ஒரு ராக்கெட்டைக் கொளுத்தினார். பட்டப்பகலில் சீறிக்கொண்டு போய் வெடித்தன. வெளிச்சம் தெரியவில்லை, புகைதான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பேருந்து வைத்துக் கூட்டிவந்ததற்கு நியாயம் கிடைத்துவிட்டது.

அன்று மாலைக்குள் காணொளி பரவியது. "நம்ம மாவட்டக் கல்லூரியின் சொந்த ராக்கெட்" என்று தலைப்பு. மறுநாள் இரண்டு நாளிதழ்களில் படத்தோடு செய்தி வந்தது. அவற்றில் ஒன்றின் செய்தியாளர் மைதானத்தின் பக்கமே வரவில்லை. காணொளியின் கீழே ஜெசிந்தாவைப் பற்றி எழுதியவற்றை இங்கே எழுத முடியாது. இரண்டு நாள் கழித்துச் சீனுவாசனிடமிருந்து அவருக்கு ஒரு செய்தி: "வாழ்த்துகள் மேடம், நம்ம வீடியோ வைரல்." பூங்கொத்துப் படம் வேறு. ஜெசிந்தா அந்த எண்ணை அழித்துவிட்டு, கைப்பேசியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்.

விழா நாளில் திரும்பும்போது விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நெடுநேரம் நின்றது. மூன்று பேரும் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டியவர் வெங்கடாசலம்.

"ஏதாச்சும் பேசும்மா."

"பேசுனா திட்டுவேன்."

"திட்டு."

"பொத்தான அழுத்தியிருந்தா என்னா ஆயிருக்கும்ண்ணே?"

"அதத்தான் நெனச்சிக்கினு வர்றேன்."

"என்னா ஆயிருக்கும்?" என்றார் வீரம்மாள். "இவருக்கு ரெண்டாங் கல்யாணம் ஆயிருக்கும்." சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரித்தார்.

அடுத்த வாரம் வெங்கடாசலம் பேருந்து ஏறித் திண்டிவனம் வந்தார். கொட்டகைக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். யாரும் சொல்லவில்லை. இருவரும் இணைப்புகளைப் பிரித்து, வெந்நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பைக் கரைத்துத் தேய்த்தார்கள். சுத்தமான உலோகத்தில் நீரை ஊற்றினால் படலமாக விரியும். பிசுக்கு இருந்தால் முத்து முத்தாக நிற்கும். மரையில் நீர் முத்து முத்தாக நின்றது. மறுபடி தேய்த்தார்கள். மறுபடியும் முத்து.

"இன்னும் நிக்குதும்மா," என்றார் வெங்கடாசலம். அவர் முகமும் இப்போது ஜெசிந்தாவின் முகம் போலச் சுளித்திருந்தது. "ஒரு சொட்டுதான் உட்டேன். எங்கெங்க ஓடியிருக்குது பாரு. அசிங்கம்."

மரை ஒருவழியாகச் சுத்தமானது. வால்வு ஆகவில்லை. பிரித்துப் பார்த்தபோது உள்ளே, ஆக்சிஜனைத் தடுத்து நிறுத்தும் வளையத்தின் இடுக்கு வரை எண்ணெய் இறங்கியிருந்தது. அதைக் கழுவ ஜெசிந்தா முயலவில்லை. குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் புது வால்வுக்குச் சொல்லிவிட்டார். வெங்கடாசலம் அந்தக் கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளியனூர்ப் பக்கம் தனக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு கல்குழி இருப்பதாகச் சொன்னார்.

கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பள்ளம். மூன்று பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். வீடு இல்லை, வைக்கோல் இல்லை, மின்கம்பி இல்லை. ஒரே ஒரு வண்டிப்பாதை. கூட்டம் வந்தாலும் உட்கார இடம் கிடையாது. போய்ப் பார்த்த ஜெசிந்தா விளிம்பிலேயே துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டார். ஊரில் யாருக்கும் வேண்டாதது எல்லாம் அதற்குள் கிடந்தது. சாராயப் பாட்டில், குழந்தைகளின் அணையாடை, கறிக்கடைக் கழிவு, செத்துப்போன நாய் ஒன்று. பள்ளத்தின் அடியில் தேங்கிய நீர் பச்சையாக இருந்தது. அவர் கீழே இறங்கி, ஒரு பாறைச் சுவரிலிருந்து மறு சுவர் வரை நடந்து பார்த்துவிட்டு மேலே வந்தார். செருப்பை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு வண்டியில் ஏறினார்.

"என்னாம்மா, வேணாமா?" என்று கேட்டார் வெங்கடாசலம்.

"வேணும்."

குழியின் சொந்தக்காரர் சம்மதித்துவிட்டார். "சுத்தம் பண்ணிக்கினு என்னா வேணா கொளுத்திக்குங்க" என்பது அவர் சொன்னது. காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரே நாளில் மனு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலிருந்தும் பதில் வரும்வரை எதையும் கொளுத்தப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் ஜெசிந்தாவும் வெங்கடாசலமும் வீரம்மாளும் சாக்குப் பைகளோடு அந்தப் பள்ளத்துக்குப் பாட்டில் பொறுக்கப் போகிறார்கள்.